பியர்ஃபோனிலிருந்து ரொட்ரீக்ஸ்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியூனியன் தீவில் எங்கள் ஊர் சேன் பியேர் நரசிங்கப் பெருமாள் கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுகூட யாராவது வந்து, "அண்ணே, ரொட்ரீக்ஸ் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். காரணம் என் தங்கை குடும்பம். மொரீசியஸில் கத்ர் போர்னில் கல்யாணமாகிப் போனவள், மச்சானுக்கு போர்ட் மத்யூரினில் ஹோட்டல் வேலை கிடைத்ததும், மொரீசியஸைச் சேர்ந்த சின்னத் தீவான ரொட்ரீக்ஸுக்கே குடிபோய்விட்டாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

முதலில், தூரம் எவ்வளவு?

ரியூனியனின் தெற்கே சேன் பியேருக்குப் பக்கத்தில் இருக்கும் பியர்ஃபோன் விமான நிலையத்திலிருந்து ரொட்ரீக்ஸின் பிளேன் கொராய் விமான நிலையத்துக்கு வான்வழியாகச் சுமார் 845 கிலோமீட்டர். மைல் கணக்கில் 525, விமானிகள் பேசும் கடல் மைலில் 456. இணையத்தில் தேடினால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வரும், அலகைப் பார்க்காமல் "ஒருத்தன் 456 என்கிறான், இன்னொருத்தன் 845 என்கிறான்" என்று குழம்ப வேண்டாம், எல்லாம் ஒரே தூரம்தான்.

அப்படியென்றால் விமானத்தில் எத்தனை மணி நேரம்?

நேரடியாகப் பறந்தால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவுகளுக்கிடையே ஓடுவது பெரும்பாலும் ஏடிஆர் 72, இரண்டு புரொப்பெல்லர் வைத்த விமானம், மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். 845-ஐ 500-ஆல் வகுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் வரும். அதோடு தரையில் உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வளைந்து வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து பதினைந்து இருபது நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். எந்த இரண்டு சிறு விமான நிலையத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், தூரத்தை 500-ஆல் வகுத்துக் கால் மணி நேரம் சேர்த்தால் போதும். ஜெட் என்றால் 800-ஆல் வகுத்து அரை மணி சேர்க்கலாம்.

சரி, "நேரடியாகப் பறந்தால்" என்று சொன்னேன் பாருங்கள், சிக்கலே அங்கேதான்.

நேரடி விமானம் இல்லையா?

ரியூனியனிலிருந்து ரொட்ரீக்ஸுக்கு நேரடி விமானம் அவ்வப்போது ஓடியிருக்கிறது. ஆனால் அதை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். நான் உட்பட எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் மொரீசியஸில் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் மாறித்தான் போகிறோம். பியர்ஃபோனிலிருந்து மொரீசியஸ் போகும் விமானமும் தினமும் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. வாரத்தில் சில நாள் இருக்கும், சில காலம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதும் உண்டு. ஆகவே போகும் மாதத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்புறம் லீவு போடுங்கள். லீவு போட்டுவிட்டு அட்டவணை பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு ஜாஸ்தி.

மொரீசியஸ் வழியாகப் போனால் சுற்று வழி ஆகிவிடாதா?

இதைக் கேட்காதவர்களே இல்லை, பதிலைச் சொன்னால் நம்புகிறவர்களும் இல்லை. பியர்ஃபோனிலிருந்து பிளேசான்ஸ் சுமார் 255 கிலோமீட்டர், அங்கிருந்து பிளேன் கொராய் சுமார் 598. கூட்டினால் 853. நேர்வழி 845. வித்தியாசம் வெறும் எட்டு கிலோமீட்டர், விமானத்துக்கு ஒரு நிமிடம். வடக்கே ரோலான் காரோஸ் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் அந்த எட்டும் கிடையாது, ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் கூடும். ஏனென்றால் மூன்று தீவும் கடலில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கிடக்கின்றன, ரியூனியன் மேற்கே, மொரீசியஸ் நடுவே, ரொட்ரீக்ஸ் கிழக்கே. ஒரு நூலை எடுத்து வரைபடத்தில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், பிளேசான்ஸ் ஏறக்குறைய நூல் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தூரங்கள் மனசில் பதிய வேண்டுமானால் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல் முதல் பாதி. இரண்டாவது பாதி, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டால் வருவதைவிடக் கொஞ்சம் குறைவு.

ஆக, வழியில் நீங்கள் இழப்பது கிலோமீட்டர் இல்லை, மணிக்கணக்கு. பிளேசான்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் உங்கள் பயணம், பறப்பது அதில் ஒரு ஓரம்.

சரி, வீட்டிலிருந்து வீடு போய்ச் சேர மொத்தம் எவ்வளவு நேரம்?

என் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பியர்ஃபோன் கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னாடி அங்கே இருக்க வேண்டும். மொரீசியஸுக்கு முக்கால் மணி, சில நாள் ஐம்பது நிமிடம். இறங்கிக் குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம், மறுபடி செக்-இன், காத்திருப்பு என்று குறைந்தது மூன்று மணி நேரம், பல நாள் ஐந்து. அப்புறம் ரொட்ரீக்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். பிளேன் கொராய் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது, போர்ட் மத்யூரின் வடக்குக் கரையில். நடுவில் மலைச்சாலையில் வளைந்து வளைந்து முக்கால் மணி. எல்லாம் சேர்த்தால் எட்டு மணியில் தொடங்கிப் பத்து மணி நேரத்தைத் தாண்டும். ஆகாயத்தில் இருப்பது அதில் இரண்டே கால் மணிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பெரிய விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ரோலான் காரோஸ், டென்னிஸ்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 1888-இல் சேன் தெனியில் பிறந்த விமானி. 1913 செப்டம்பரில் பிரான்ஸின் ஃப்ரெஜுஸிலிருந்து துனீசியாவின் பிஸெர்த்துக்கு மத்தியதரைக் கடலை எங்கும் நிற்காமல் தாண்டினார். தூரம் சுமார் 780 கிலோமீட்டர், எடுத்த நேரம் 7 மணி 53 நிமிடம். நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, கிட்டத்தட்ட அதே தூரத்துக்கு என் வீட்டு வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசல் போய்ச் சேர அவரைவிட எனக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. அவருக்குப் பெட்டி எடுக்கிற வரிசை இல்லை, அவ்வளவுதான்.

பியர்ஃபோனா, ரோலான் காரோஸா? எது மேல்?

தெற்கே இருப்பவர்களுக்கு, விமானம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பியர்ஃபோன். சேன் பியேரிலிருந்து ரோலான் காரோஸ் 90 கிலோமீட்டர் போல வரும். 2009-இல் தாமரென் சாலை திறந்த பிறகு மேற்குக் கரை எளிதாகிவிட்டது, 2022-இல் கடல்மேல் கட்டிய புதிய சாலையின் ஒரு பகுதியும் திறந்தார்கள். இருந்தாலும் காலை ஏழு மணிக்குச் சேன் தெனி வாசலில் மாட்டினால் தெரியும் சேதி. ஒன்றேகால் மணியில் போகிற வழி இரண்டரை மணி ஆகும். மொரீசியஸுக்குப் பறக்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் காரிலேயே போய்விடும்.

ஆனால் ரோலான் காரோஸில் ஒரு லாபம் உண்டு: ஒரு நாளைக்குப் பல விமானங்கள். ஒன்று கெட்டால் இன்னொன்றில் ஏறலாம். பியர்ஃபோனில் ஒன்று கெட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவே. வடக்கிலும் கிழக்கிலும், அதாவது சேன் தெனி, சேன் ஆந்த்ரே பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை.

மாறுவதற்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ஒரே டிக்கெட்டாக இரண்டு விமானத்தையும் எடுத்தால் நிறுவனமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் உங்கள் தலையெழுத்து. அப்போது மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து விடவே விடாதீர்கள், நான்கு இருந்தால் நல்லது.

இதை நான் புத்தியால் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருடம் நாற்பது யூரோ மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினேன், நடுவில் ஒரு மணி ஐம்பது நிமிடம். முதல் விமானம் கிளம்பவே ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். பிளேசான்ஸில் இறங்கி, பெட்டிக்காக நின்று, மூச்சிரைக்க ஓடிப்போனால் செக்-இன் மேசையில் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பெண் தன் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது, புரொப்பெல்லர்கூடச் சுற்றத் தொடங்கவில்லை. "மேசை மூடியாகிவிட்டது, மிஸ்யே" என்று கிரியோல் மொழியில் மெதுவாகச் சொன்னாள், கோபப்படவும் முடியவில்லை. மறுநாள் டிக்கெட்டும் இரவு தங்கும் செலவும் சேர்ந்து நாற்பது யூரோவை நாலைந்து மடங்காகத் தின்றுவிட்டது. தங்கை அன்றைக்குச் சமைத்து வைத்த வத்தக்குழம்பைப் பற்றி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

தாமதமானால் நஷ்டஈடு கிடைக்குமா?

ரியூனியனிலிருந்து கிளம்பும் விமானம் என்றால் கிடைக்க வாய்ப்புண்டு. கடல் தாண்டி இருந்தாலும் இது பிரான்ஸின் மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி, அதனால் பயணிகள் உரிமைக்கான 261/2004 விதி இங்கேயும் செல்லும். போய்ச் சேர மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம், தூரம் 1500 கிலோமீட்டருக்குள் என்றால் தலைக்கு 250 யூரோ. புயல் போன்ற யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். மேலே நான் சொன்ன என் கதையில் ஒன்றும் தேறாது, ஒரு மணி பத்து நிமிடத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள், தனி டிக்கெட்டில் தவறிய இரண்டாவது விமானம் கணக்கிலேயே வராது. திரும்பி வரும்போது மொரீசியஸிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நிறுவனத்தில் ஏறினால் இந்த விதி செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் காட்டுகிறதே, தப்பா?

தப்பில்லை, காற்று. எதிர்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் இருந்தால் 500-இல் ஓடும் விமானம் தரையைப் பொறுத்தவரை 460-இல்தான் நகரும், பின்காற்றாக இருந்தால் 540. பிளேசான்ஸ்–ரொட்ரீக்ஸ் 598 கிலோமீட்டருக்கு இது 78 நிமிடத்துக்கும் 66 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம், பன்னிரண்டு நிமிடம். ஜெட்டில் இவ்வளவு தெரியாது, மெதுவாகப் போகிற விமானத்தைத்தான் காற்று அதிகம் படுத்தும். அட்டவணையில் நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பார்கள்.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்று தீவுக்கும் ஒரே நேரம், இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால்.

ரொட்ரீக்ஸுக்கு ஏன் பெரிய விமானம் போவதில்லை?

ஓடுபாதை பிளேன் கொராயில் 1287 மீட்டர்தான். பியர்ஃபோனில் 2100, ரோலான் காரோஸில் 3200. அந்த 1287-க்குள் இறங்கி நிற்க ஏடிஆர் மாதிரியான விமானத்தால்தான் வசதியாக முடியும். 1972-இல் ஏர் மொரீசியஸ் இந்த வழியைத் தொடங்கியபோது பைப்பர் நவாஜோ என்ற ஒரு கைப்பிடி விமானத்தில்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், அதை நினைத்தால் இன்றைய ஏடிஆர் பங்களா.

இறங்கும்போது பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாகக் கரும்நீலக் கடலைத் தவிர ஒன்றுமே தெரியாது, திடீரென்று பச்சையும் வெளிர்நீலமுமாகக் கடல் நிறம் மாறும், தீவைவிடப் பெரிய உப்பங்கழி தீவைச் சுற்றிக் கிடக்கும், பவழப்பாறையில் அலை வெள்ளைக் கோடு போட்டிருக்கும். சக்கரம் தொட்டதும் விமானி பிரேக்கை அழுத்துகிற அழுத்தில் முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்காதவர் கிடையாது. நின்றதும் சிலர் கைதட்டுவார்கள், எனக்கு அது பிடிக்காது என்றாலும் முதல் தடவை நானும் தட்டினேன்.

பெட்டி எடையில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

குட்டை ஓடுபாதை ஒரு காரணம். இன்னொன்று, ரொட்ரீக்ஸில் இருப்பது ஒரே ஒரு விமான நிலையம். மழையோ குறுக்குக்காற்றோ மிரட்டினால் பக்கத்தில் இறங்க வேறு இடமில்லை, 600 கிலோமீட்டர் திரும்பி மொரீசியஸுக்குத்தான் வர வேண்டும், அதற்கும் எரிபொருளை முதலிலேயே சுமந்தாக வேண்டும். எரிபொருள் கூடினால் ஆளும் பெட்டியும் குறைய வேண்டும். அதனால் சில நாள் ஆள் வந்து சேர்ந்து, பெட்டி மறுநாள் விமானத்தில் வரும். மாத்திரை, ஒரு மாற்று உடை, குழந்தைக்கு வேண்டியது எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பெரிய விமானத்தில் அனுமதிக்கிற எடை சின்ன விமானத்தில் செல்லாது என்பதை டிக்கெட்டில் பாருங்கள். சென்னையிலிருந்து 30 கிலோவோடு வந்த சொந்தக்காரர் ஒருவர் பிளேசான்ஸில் மேசை முன்னால் பெட்டியைத் திறந்து இட்லித் தட்டு, முறுக்கு டப்பா, இரண்டு கிலோ புளி என்று ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்துவைத்ததை நான் பார்த்தேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் முறுக்கு வாசனை. கடைசியில் புளியை மட்டும் விட்டுவிட்டு வந்தார், அதுதான் விலை குறைவாம்.

புயல் காலத்தில் போகலாமா?

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கடலில் புயல் காலம். தைப்பூசக் காவடி இந்தக் காலத்தில்தான் வருகிறது, அதனால் போகாமலும் இருக்க முடியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் ரியூனியனை அடித்துவிட்டு மொரீசியஸிலும் வெள்ளத்தைக் கொட்டியபோது பிளேசான்ஸையே மூடினார்கள். 2025 பிப்ரவரி 28-இல் காரான்ஸ் வந்தது, ரோலான் காரோஸ் மூடிக் கிடந்தது. உங்கள் பயணம் மூன்று தீவைத் தொடுகிறது, மூன்றில் எது மூடினாலும் கதை முடிந்தது.

எச்சரிக்கை முறையும் வேறு வேறு. ரியூனியனில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று நிறம். மொரீசியஸிலும் ரொட்ரீக்ஸிலும் ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்பு, நான்கு என்றால் வெளியே தலைகாட்டக்கூடாது. காவடிக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னாடியே போய்விடுங்கள். விரதத்தோடு விமான நிலைய நாற்காலியில் படுத்துக் கிடப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கைவசம் பழமும் அவலும் இருக்கட்டும், கிளம்பும் முன்பே பழத்தைத் தின்று முடித்துவிடுங்கள், பயிர்நோய்க்குப் பயந்து தீவுக்குத் தீவு பழம் காய்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட், விசா?

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்ரீக்ஸ் மொரீசியஸைச் சேர்ந்த தன்னாட்சிப் பகுதி, தனி விசா கிடையாது. இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சுற்றுலாவுக்கு மொரீசியஸ் வர முன்கூட்டி விசா வேண்டாம். ஆனால் அவர்கள் ரியூனியனுக்கும் வர நினைத்தால் கதை வேறு: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாமே, அந்த ஷெங்கன் எல்லைக்குள் ரியூனியன் இல்லை, "பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா இருக்கிறதே" என்று கிளம்பி வந்துவிட வேண்டாம்.

பிள்ளையைத் தனியாகத் தாத்தா பாட்டியிடம் அனுப்பலாமா?

அனுப்பலாம். பிரான்ஸில், அதாவது இங்கே, வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோர் யாரும் கூட இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால், பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் வேண்டும், 2017 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். கையெழுத்துப் போட்டவரின் அடையாள அட்டை நகலும் கூடவே இருக்க வேண்டும். சித்தப்பாவோடு போனாலும் இது வேண்டும், பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஏடிஆரில் எந்த சீட் நல்லது?

இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே தெரியும். புரொப்பெல்லருக்கு நேராக வரும் முன்பாதி வரிசைகளில் காது அடைக்கும், பின்பக்கம் சத்தம் குறைவு. ஏறுவதும் இறங்குவதும் பின்வாசல் வழியாக, ஆகவே பின்சீட்டுக்காரர் முதலில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் முன்னால் நிற்பார். மாறிப் போகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிசு.

கப்பல் இருக்கிறதாமே?

மொரீசியஸிலிருந்து ரொட்ரீக்ஸுக்குக் கப்பலில் ஏறத்தாழ ஒன்றரை நாள். மெத்தை, பிரிட்ஜ் என்று சாமான் ஏற்றுகிறவர்களுக்குச் சரி. மச்சான் ஒருமுறை போய்விட்டு மூன்று நாள் தரை ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காசு?

இங்கே யூரோ, அங்கே இரண்டு இடத்திலும் மொரீசியஸ் ரூபாய். மாற்றியதும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் அதில் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டு அச்சடித்துவிட்டு, தமிழர்கள் கொதித்ததும் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். என் மகள் அந்தத் தமிழ் எண்களைப் பார்த்துத்தான் ௧, ௨ எல்லாம் கற்றுக்கொண்டாள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

ரொட்ரீக்ஸ் தேன், எலுமிச்சை ஊறுகாய், மிளகாய் அரைத்த புட்டி. மூன்றையும் பெட்டிக்குள் போடுங்கள், கைப்பையில் வேண்டாம். தேனும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனைக் கணக்கில் திரவம்தான், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். போன தடவை தங்கை கட்டிக்கொடுத்த ஊறுகாயைச் சோதனை மேசையில் இருந்த பெரியவர் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மூடியைத் திறந்து மோந்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டியில் போட்டார்.